அடாஸ் கார்ல ஊட்டி ஏறுறது எப்படி: எதை ஆன்ல விடணும், எதை ஆஃப் பண்ணணும், தானா ஓடுற கார் வர்றதுக்குள்ள எதைப் பழகணும்

குன்னூர்ல ஆக்டிங் டிரைவரா இருக்கேன். சீசன் டைம்ல சென்னை பெங்களூர்ல இருந்து சொந்த கார்ல வர்றவங்க மேட்டுப்பாளையம் வரைக்கும் ஜோரா ஓட்டிட்டு வந்துடுவாங்க, அதுக்கு மேல ஹேர்பின்னு சொன்னதும் போன் போடுவாங்க, நம்ம போய் உக்காந்து ஏத்திக் கொண்டாந்து விடணும். இப்பல்லாம் அப்படி உக்கார்ற வண்டி நிறையவே அடாஸ் வண்டியா இருக்கு, அதாவது கேமரா, ரேடார் வச்சு டிரைவருக்கு உதவி பண்ற சிஸ்டம் உள்ள வண்டி, ஓனர் பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டுக்கிட்டே கேக்குற மொதல் கேள்வியும் அதைப் பத்தித்தான். "அண்ணா இது லெவல் டூ, க்ரூஸைப் போட்டுவிட்டா வளைவுல அதுவே வளைச்சுக்கும்தானே?"

வளைச்சுக்காதுங்க. அதுக்காக அந்த சிஸ்டமே வேஸ்ட்னு மொத்தமா அணைச்சுப் போட்டுட்டு வர்றதும் தப்பு, சில விஷயம் மலையில நல்லாவே கைகொடுக்கும். எதை எங்க நம்பலாம்ங்கிறதுதான் கேள்வி. கீழ இருந்து மேல, மேல இருந்து கீழன்னு ரோடு போற வரிசையிலயே சொல்லிட்டு வர்றேன், நடுநடுவுல லெவல் த்ரீ, ஃபோர்னு பேசுறாங்களே அது வந்தா என்ன ஆகும்ங்கறதையும் சேத்துக்கறேன்.

லெவல் கணக்கு, சுருக்கமா

எஸ்ஏஇ-ன்னு அமெரிக்காவுல இருக்குற இன்ஜினியர்ங்க அமைப்பு 2014ல ஜே3016-னு ஒரு டாகுமென்ட் போட்டுச்சு, 2021ல அதைத் திருத்தியும் விட்டாங்க, ஊர் உலகம் பூரா லெவல் 0ல இருந்து 5 வரைக்கும் பேசுறது அதை வச்சுத்தான். ஆட்டோ பிரேக், பிளைண்ட் ஸ்பாட் லைட் இதெல்லாம் அந்தக் கணக்குல லெவல் 0. கேட்டா ஓனருக்கு ஒரு மாதிரி ஆயிடும், ஆனா அதான் உண்மை, ஏன்னா அது ஆபத்து வர்றப்ப மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போயிடுது, தொடர்ந்து ஓட்டுறதில்ல. முன்னாடி போற வண்டியைப் பாத்து வேகத்தை ஏத்தி இறக்குறது (அடாப்டிவ் க்ரூஸ்), இல்ல லேன் நடுவுல ஸ்டியரிங்கைப் பிடிச்சு நிறுத்துறது (லேன் அசிஸ்ட்), ரெண்டுல ஒண்ணு மட்டும் பண்ணா லெவல் 1, ரெண்டையும் சேத்துப் பண்ணா லெவல் 2. எம்ஜி ஆஸ்டர், எக்ஸ்யூவி 700 எல்லாம் 2021ல வந்துச்சு, அதுல இருந்து இங்க ஷோரூம்ல நம்ம பாக்குற அடாஸ் அதிகபட்சம் இந்த லெவல் 2தான். "டூ பிளஸ்"னு போட்டிருந்தா அது விளம்பரக்காரங்க ஒட்டுன பிளஸ், அந்த டாகுமென்ட்ல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.

லெவல் 3ல இருந்துதான் "தானா ஓடுறது"ன்னு பேரு. 2க்கும் 3க்கும் என்ன வித்தியாசம்னா எவ்ளோ அழகா வளைக்குதுங்கறதை வச்சு இல்ல, முடியாதப்போ என்ன பண்ணுதுங்கறதை வச்சு. லெவல் 2 சிஸ்டத்துக்கு கோடு தெரியலேன்னா விட்டுட்டுப் போயிடும், சில வண்டியில ஒரு சின்ன பீப் வரும், சில வண்டியில பச்சையா இருந்த ஸ்டியரிங் படம் சத்தமே இல்லாம கிரே கலருக்கு மாறும், அவ்ளோதான் அறிவிப்பு. அப்படி விட்டுட்டுப் போக அதுக்கு உரிமை இருக்கு, ஏன்னா நீங்க ரோட்டைப் பாத்துக்கிட்டே இருக்கீங்கன்னு நம்பித்தான் அதை டிசைனே பண்ணிருக்காங்க. லெவல் 3 அப்படிப் போக முடியாது, முன்கூட்டியே கேக்கணும், நீங்க வாங்கிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், நீங்க வாங்கலேன்னா தானா வண்டியைப் பத்திரமா நிறுத்தணும். உங்க வண்டி அந்த வாக்கைக் குடுக்குதா இல்லையான்னு மட்டும் பாருங்க. குடுக்கலேன்னா டிரைவர் நீங்கதான், பிரவுச்சர்ல என்ன கலர்ல எழுதிருந்தாலும் சரி.

கிளம்புறதுக்கு முன்னாடி

கண்ணாடிக்குப் பின்னாடி ரியர்வியூ மிரர் பக்கத்துல கேமரா இருக்கும், அந்த இடத்தை வெளியவும் உள்ளயும் துடைங்க. உள்பக்கம் துடைக்கிறவங்க ரொம்பக் கம்மி. ரேடார் எங்க இருக்குன்னு மேனுவல்ல பாத்துக்கங்க, சில வண்டியில லோகோவுக்குப் பின்னாடி இருக்கும், சிலதுல பம்பர் கீழ்ப்பக்கம் ஒரு வழவழப்பான கறுப்பு மூடி. ஆயுத பூஜைக்கு அப்புறம் வர்ற வண்டிங்கள்ல அந்த மூடி மேலயே சந்தனத்தைக் குழைச்சு அப்பி நடுவுல குங்குமம் வச்சு, அது காஞ்சு ஓடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், ஓனர் "ஏதோ ரேடார் பிளாக்குன்னு மெசேஜ் வருதுண்ணா, சர்வீஸ்ல காட்டணும்"ங்கறாரு. ஈரத்துணி போதும். எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டுறதா இருந்தா நம்பர் பிளேட் ஓரமா தள்ளிக் கட்டுங்க, சாமி கோவிச்சுக்காது. முன்னாடி இரும்பு கார்டு வச்சிருந்தா கழட்டிடுங்க, அது சட்டப்படியும் தப்பு, ரேடாரையும் மறைக்கும்.

கல்லு பட்டு முன் கண்ணாடி மாத்தின வண்டியா இருந்தா கேமராவை மறுபடி கேலிபரேட் பண்ணாங்களான்னு, அதாவது அது பாக்குற கோணத்தைச் சரி பண்ணாங்களான்னு, பில்லுல பாருங்க. வெளில கம்மி ரேட்டுக்கு கண்ணாடி மாட்டிக் குடுக்குற இடத்துல பல பேர் இதைப் பண்றதில்ல, கேமரா ஒரு துளி சாஞ்சிருந்தாக்கூட தூரத்துல அது பாக்குற லேன் பக்கத்து லேனா மாறிடும். டிக்கி நிறைய லக்கேஜ், மூணாவது வரிசையில ஆளுன்னு பின்னாடி அமுக்கினா மூக்கு மேல தூக்கும், ஹெட்லைட்டும் சேந்து தூக்கும், எதுக்க வர்றவன் திட்டுவான்.

அப்புறம் முக்கியமானது, கீழயே பழகிக்கங்க. சேலம் கோவை ரோடு மாதிரி நடுவுல தடுப்பு இருக்குற நேர் ரோட்டுல க்ரூஸையும் லேன் அசிஸ்ட்டையும் போட்டுட்டு, மூணு விதமா கேன்சல் பண்ணிப் பாருங்க: பிரேக்கை லேசா தொட்டு, ஸ்டியரிங் பட்டனை அமுக்கி, ஸ்டியரிங்கையே கொஞ்சம் அழுத்தமா திருப்பி. ஒவ்வொண்ணுக்கும் எது போகுது எது மிச்சம் இருக்குன்னு பாருங்க, ஏன்னா நிறைய வண்டியில பிரேக்கைத் தொட்டா க்ரூஸ் மட்டும் போகும், லேன் பிடிக்கிறது அப்படியே இருக்கும். இது தெரியாம மலையில ஸ்டியரிங் ஏன் எதுத்து இழுக்குதுன்னு முழிக்கிறவங்க உண்டு. எந்த சத்தம் எதுக்குன்னும் காதுக்குப் பழகணும், முன்னாடி இடிக்கப் போகுதுன்னு அடிக்கிற சத்தமும் சீட் பெல்ட் சத்தமும் ஒண்ணு இல்ல.

நீலகிரிக்குள்ள வர்ற வெளி வண்டிக்கு இ-பாஸ் வேணும், 2024 மே 7ல இருந்து கோர்ட் உத்தரவுப்படி நடக்குது, சிக்னல் இருக்குற இடத்துலயே எடுத்து வச்சுக்கங்க. டிஎன் 43, அதாவது நீலகிரியில பதிவு பண்ண வண்டிக்குத் தேவையில்ல.

ஏத்தம்: கல்லாருக்கு மேல

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஆரம்பிக்கிற இடம் கல்லார், அதைத் தாண்டுறதுக்கு முன்னாடி ஓரங்கட்டி ரெண்டு விஷயத்தை ஆஃப் பண்ணுங்க, ஒண்ணு அடாப்டிவ் க்ரூஸ், ரெண்டு லேன் பிடிக்கிறது. ஓடிக்கிட்டே மெனுவுக்குள்ள போய்த் தேடாதீங்க, பதினாலு ஹேர்பின் இருக்கு, அதுல எதுலயும் ஸ்க்ரீனைப் பாக்க நேரம் கிடைக்காது.

க்ரூஸ் ஏன் ஆகாதுன்னா, ரேடார் முன்னாடி பாக்குறது ஒரு ஒடுக்கமான கூம்பு மாதிரி ஏரியாவைத்தான். நேர் ரோட்டுல முன்னாடி போற பஸ் அந்தக் கூம்புக்குள்ளயே இருக்கும். வளைவுல பஸ் திரும்புன உடனே கூம்பை விட்டு வெளிய போயிடும், டேஷ்ல இருந்த பஸ் படம் மறையும், உடனே வண்டி "ஆஹா ரோடு காலி"ன்னு நீங்க செட் பண்ணி வச்ச வேகத்துக்கு ஏற ஆரம்பிக்கும். முன்னாடி இருக்குறது பாறை. ஒவ்வொரு கம்பெனி மேனுவல்லயும் வளைவு நெளிவான ரோட்டுலயும் செங்குத்தான ரோட்டுலயும் இதை யூஸ் பண்ணாதீங்கன்னு எங்கேயாவது ஒரு பக்கத்துல போட்டுத்தான் இருப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல. புது வண்டி சிலதுல மேப்பைப் பாத்து வளைவுக்கு முன்னாடி வேகம் குறைக்கிற வசதி இருக்கு, அது ஹைவே வளைவுக்கு சரி, இங்க ஒரே மலைச் சரிவுல ரோடு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு அடுக்கு அடுக்கா போகுது, மேப்புக்கே எந்த அடுக்குல இருக்கோம்னு அப்பப்ப குழப்பம் வந்துடும்.

லேன் அசிஸ்ட் நிறைய வண்டியில 60 கிமீ பக்கம் போனாத்தான் வேலை செய்யும், அதனால காட் ரோட்டுல அது தானாவே தூங்கிக்கிட்டு இருக்கும். கம்மி வேகத்துலயும் பிடிக்கிற வண்டிதான் தொல்லை. இடது பக்க ஹேர்பின்ல ஏறும்போது உள் ஓரம் செங்குத்தா இருக்கும், கொஞ்சம் வலது பக்கம் அகலமா எடுத்துத்தான் திருப்பணும், எதுக்க வண்டி வரலேன்னு பாத்துட்டு மஞ்சக் கோட்டைத் தொட்டு எடுப்போம். அந்த நேரம் ஸ்டியரிங் கைக்குள்ள ஒரு நடுக்கம் நடுங்கி இடது பக்கம் இழுக்கும். இழுவை பலமா இருக்காது, ஒரு கையால மீறிடலாம், ஆனா புது ஆளுக்கு அந்த ஒரு நொடி பதட்டமே போதும், பின் சக்கரம் ஓரக் கல்லுல ஏறிடும்.

ஆட்டோ பிரேக்கை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. இதுல என் கூட ஓட்டுற பல டிரைவருங்க ஒத்துக்க மாட்டாங்க, "அது நடு வளைவுல சும்மா பிடிச்சுடுது, பின்னாடி லாரி ஏறிடும்"பாங்க. பிடிக்கிறது நிஜம். மரப்பாலம் பக்கம் ஒரு பெரிய எஸ்யூவில ஏறிக்கிட்டு இருந்தேன், மேல இருந்து அரசு பஸ் இறங்குது, அந்த டிரைவர் வளைவை முழுசா எடுக்க மூக்கை நம்ம பக்கம் நீட்டி அப்புறம்தான் ஒடிப்பார், அது வழக்கம், அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நான் முன்னாடியே நின்னு இடம் விட்டுட்டு மெல்ல உருட்டுறேன். கேமராவுக்கு அது தெரியாதே, அதோட கண்ணுக்கு ஒரு பஸ் நேரா கண்ணாடிக்குள்ள வருது. டேஷ் பூரா செவப்பு, சத்தம், டக்குனு ஒரு பிரேக், பின் சீட்டுல அம்மா கையில இருந்த வேர்க்கடலைப் பொட்டலம் முன்னாடி பறந்து வந்துச்சு. வேகம் நடக்குற வேகம்தான், அதனால ஒண்ணும் ஆகல.

இதுக்கு வழி, அலர்ட் டைமிங்னு மெனுவுல இருக்கும், அதை லேட்டுக்கு மாத்திடுங்க, பின்னாடி வர்றவனுக்கு வளைவுக்கு முன்னாடியே பிரேக் லைட் காட்டி வேகத்தைக் குறைங்க. நீங்களே முன்கூட்டி பிரேக் பிடிச்சு மெல்லப் போனா சிஸ்டம் குறுக்க வர்றது ரொம்பக் குறைஞ்சிடும். அதை ஆன்ல வைக்கச் சொல்றதுக்குக் காரணம் ஹேர்பின் இல்ல, அருவங்காடு, வெலிங்டன், சேரிங் கிராஸ் மாதிரி கூட்டமான இடம்தான், அங்க சாக்லேட் கடையைப் பாத்துக்கிட்டு ரோட்டுல இறங்குற டூரிஸ்ட்டுக்கு அது உயிர் காக்கும். பிளைண்ட் ஸ்பாட் லைட், பின்னாடி குறுக்க வர்றதைச் சொல்றது, டயர் பிரஷர், வண்டி சறுக்காம பிடிக்கிற இஎஸ்சி இதெல்லாமும் ஆன்லயே இருக்கட்டும், ஊட்டி மார்க்கெட் பக்கம் ரிவர்ஸ் எடுக்குறப்ப அருமை தெரியும்.

இன்னொண்ணு, எந்த லெவல் வண்டியும் இன்னும் கத்துக்காதது. ஒடுக்கமான இடத்துல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குறவர் நிக்கணும், 2017 ஓட்டுநர் விதிமுறையிலயே இருக்கு. ஆனா நிஜத்துல அது கையசைவுல நடக்குது. லாரி கிளீனர் ஜன்னல்ல கையை வெளிய விட்டு உள்ளங்கையைக் கீழ ஆட்டுனா நில்லுன்னு அர்த்தம், முன்னாடி வீசுனா போன்னு அர்த்தம், பஸ் டிரைவர் ஒரு தடவை லைட் அடிச்சா சில நேரம் "நீ வா", சில நேரம் "நான் வர்றேன்", எதுன்னு அவர் வண்டி வேகத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சுட்டு ஜன்னலை இறக்கி பதில் ஹாரன் கேக்குதான்னு காது குடுக்கணும். இதெல்லாம் உங்க வேலை, சென்சார் வேலை இல்ல.

மூடுபனி

கேத்தி, லவ்டேல் பக்கமோ கோத்தகிரி ரோட்டுலயோ நடுவட்டத்துலயோ சாயங்காலம் திடீர்னு வெள்ளையா மூடிடும். ரேடாருக்கு பனி பெரிய தடை இல்ல, 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யுற அலை பனிக்குள்ள போயிடும். ஆனா கோட்டைப் பாக்குறதும் ஆளைப் பாத்து இது ஆளுன்னு சொல்றதும் கேமரா, அதுக்குக் கண்ணு நம்மளை மாதிரித்தான், நமக்குத் தெரியலேன்னா அதுக்கும் தெரியாது. "முன் கேமரா மறைஞ்சிருக்கு"ன்னு மெசேஜ் வந்தா அசிஸ்ட் எதுவும் இல்லன்னு எடுத்துக்கங்க. வராட்டியும் அப்படியே எடுத்துக்கங்க.

பெரிய ஏமாத்து ஒண்ணு ஆட்டோ ஹெட்லைட். பகல்ல மிஸ்ட் வந்தா வெளிச்சம் வெள்ளையா பளிச்சுனுதான் இருக்கும், சென்சார் பகல்னு நெனச்சு லைட்டே போடாது. உங்க டேஷ் எரியுது, முன்னாடி பகல்ல தானா எரியுற டிஆர்எல் லைட் எரியுது, நீங்க லைட் போட்டிருக்கேன்னு நெனைப்பீங்க, பின்னாடி டெயில் லைட் எரியாம இருட்டா வரும். அதனால கையால லோ பீம் போடுங்க, ஃபாக் லேம்ப் இருந்தா அதையும் போடுங்க. ஆட்டோ ஹை பீமையும் நிறுத்திடுங்க, பனியில ஹை பீம் அடிச்சா முன்னாடி வெள்ளைச் சுவருதான் தெரியும், வளைவுலயோ எதுக்க வர்றவன் திரும்பி நேரா வந்தப்புறம்தான் அது இறக்கும், அதுக்குள்ள அவன் கண்ணு கூசிப் போயிடும். கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடிச்சா ஏசியோட டீஃபாக் போடுங்க, குளிருதுன்னு ஏசியை நிறுத்துனா கேமரா முன்னாடியும் ஆவிதான்.

மழைக்காலத்துல இன்னொரு வம்பு. மண் சரிஞ்சு ரோட்டுல பாதியைத் தடுத்து மணல் மூட்டை, டிரம்மு வச்சிருப்பாங்க, பழைய வெள்ளைக் கோடு நேரா அந்த மூட்டைக்குள்ளயே போகும். லேன் பிடிக்கிற சிஸ்டத்துக்கு கோடுதான் வேதவாக்கு.

காட்டெருமை, யானை

கேமராவுக்கு கார், பைக், ஆளு, சைக்கிள்னு படம் படமா காட்டிச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. காட்டெருமையைக் காட்டியிருப்பாங்களான்னா சந்தேகம்தான். வோல்வோ கம்பெனி ஸ்வீடன் காட்டுல இருக்குற பெரிய மான் வகையை வச்சுப் பழக்குன சிஸ்டத்தை ஆஸ்திரேலியாவுல கங்காரு முன்னாடி விட்டுப் பாத்தாங்க, கங்காரு குதிக்கும்போது தரையை விட்டு மேல போறதால அது எவ்ளோ தூரத்துல இருக்குன்னே சிஸ்டத்துக்குப் புடிபடல, 2017ல கம்பெனியே ஒத்துக்கிட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, கோத்தகிரி தேயிலைத் தோட்டத்துல இருந்து ராத்திரி கறுப்பா ரோட்டுல இறங்கி நிக்குற மாட்டை உங்க வண்டி கண்டுபிடிக்கும்னு நம்பி ஓட்டாதீங்க. பர்லியார்ல பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுக்கே வரும். யானை நின்னா தூரமாவே நிறுத்துங்க, அங்க ஆட்டோ பிரேக் வேலை செஞ்சாக்கூட அது நிறுத்துற தூரம் யானைக்குப் பக்கத்துலதான் இருக்கும். முதுமலை வழியா மைசூர் போறவங்க ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் பந்திப்பூர் ரோடு மூடியிருக்கும்னு கணக்குப் போட்டுக் கிளம்புங்க, கேட்டுக்குள்ள போயிடணும்னு விரட்டுறதுலதான் பாதி விபத்து ஆகுதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க.

இறக்கம்

ஏறுன கியர்லயே இறங்குறதுதான் பழைய பாடம், ஆட்டோமேட்டிக் வந்தப்புறம் எல்லாரும் இதை மறந்துட்டாங்க. மேனுவல் மோடு, பேடில் ஷிஃப்ட், எல்னு ஏதாவது ஒண்ணு உங்க வண்டியில இருக்கும், ரெண்டாவது கியர்ல போட்டு இன்ஜினை வச்சு வேகத்தைப் பிடிங்க. க்ரூஸ் போட்டு இறங்கலாம்ல, அதுவே பிரேக் பிடிக்குதேன்னு கேப்பாங்க. அது பிடிக்கிறது பெரும்பாலும் சக்கரத்து பிரேக்கைத்தான், உங்க காலு அமுக்கல, அதனால எவ்ளோ சூடாயிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. கருகுற வாசனை வந்தப்புறம்தான் தெரியும். சில வண்டி பிரேக் சூடான உடனே க்ரூஸை விட்டுடும், அதுவும் நடு இறக்கத்துல.

எலெக்ட்ரிக் கார்க்காரங்களுக்கு: ஊட்டியில ராத்திரி ஹோட்டல்ல சார்ஜ் போட்டு 100 ஆக்கிட்டு காலைல இறங்காதீங்க. மோட்டாரே வேகத்தைப் பிடிச்சு அதைக் கரண்டா மாத்தி பேட்டரியில போடுறதுதான் ரீஜென் பிரேக்கிங், பேட்டரி ஃபுல்லா இருந்தா அதுக்கு கரண்டைப் போட இடமே இல்ல, அதனால ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வழக்கமா பிடிக்கிற பிடி இருக்காது. 80 போதும், மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள கொஞ்சம் ஏறியே இருக்கும். ஹைப்ரிட்லயும் பாதி இறக்கத்துல பேட்டரி நிறைஞ்சிடும், அப்ப இன்ஜின் சத்தம் திடீர்னு கூடும், பயப்படாதீங்க, பிரேக்குக்காகத்தான் சுத்துது.

ஊட்டியில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டி பக்கம் முப்பத்தாறு ஹேர்பின், வெளியூர் வண்டியை அந்த வழியா இறங்க விடுறதில்ல. அடாஸ் இருக்குன்னு செக்போஸ்ட்டுல வாதாடுனவரைப் பாத்திருக்கேன். போலீஸ்காரர் சிரிக்கக்கூட இல்ல.

லெவல் 3, 4 வந்தா

2020 ஜூன்ல ஐநா வாகன விதிமுறைக் குழு 157ன்னு ஒரு ரெகுலேஷன் நிறைவேத்துச்சு, 2021 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, லெவல் 3 காருக்கு உலக அளவுல மொத விதி அதுதான். அதோட ஆரம்ப நிபந்தனையைப் படிங்க: நடந்து போறவங்களும் சைக்கிளும் வரக்கூடாத ரோடு, எதிர்த் திசைக்கு நடுவுல தடுப்பு, வேகம் 60 கிமீ வரைக்கும். 2023ல இருந்து 130 வரைக்கும் விட்டாங்க, அதுவும் அதே மாதிரி ரோட்டுல. ஹோண்டா 2021 மார்ச்ல ஜப்பான்ல நூறு லெஜண்ட் காரை லீசுக்கு விட்டது எக்ஸ்பிரஸ்வே டிராஃபிக் ஜாமுக்கு. மெர்சிடீஸ் 2021 டிசம்பர்ல ஜெர்மனில அனுமதி வாங்குனது ஆட்டோபானுக்கு. நம்ம காட் ரோட்டுல தடுப்பு இல்ல, நடந்து போறவங்க, ஆடு, பலாப்பழம் விக்கிறவங்க, நின்னு போட்டோ எடுக்குறவங்க எல்லாரும் ரோட்டுலதான். ஆக லெவல் 3 வந்தாலும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழதான் வேலை செய்யும், மலை அடிவாரத்துல "இந்தா நீ வாங்கிக்க"ன்னு ஸ்டியரிங்கை உங்க கையில குடுக்கும்.

அந்தக் குடுக்குற நேரம்தான் நீங்க இப்பவே பழகிக்க வேண்டியது. அந்த விதிப்படி கேட்டதுல இருந்து பத்து நொடி வரைக்கும் டிரைவருக்கு அவகாசம், அப்புறமும் எடுக்கலேன்னா வண்டி வேகத்தைக் குறைச்சு நிக்கப் பாக்கும். 60ல போனா பத்து நொடிங்கறது 167 மீட்டர், நேர் ரோட்டுல ஒண்ணுமே இல்ல. காட் ரோட்டுல 30ல போனாக்கூட 83 மீட்டர், அதுக்குள்ள ஒரு வளைவு நிச்சயம். தூங்கி எழுந்தவனுக்கு பத்து நொடியில எந்த வளைவு, எதுக்க என்ன, பின்னாடி யாருன்னு புடிபடாது. அதனால கீழ க்ரூஸ்ல வர்றப்பவே இதைப் பழகுங்க: மலைக்கு அஞ்சு கிலோமீட்டர் முன்னாடியே போனைக் கீழ வைங்க, சீட்டை நிமித்துங்க, மூணு கண்ணாடியையும் பாருங்க, அப்புறம்தான் கேன்சல் பட்டன். பட்டனை அமுக்கிட்டு அப்புறம் சுத்திப் பாக்குறது தலைகீழ்.

பாத்துக்கிட்டு இருக்குறது ஓட்டுறதை விடக் கஷ்டம். 2018 மார்ச்ல அமெரிக்காவுல அரிசோனாவுல ஊபரோட டெஸ்ட் கார் ஒண்ணு ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மேல ஏறிச்சு. உள்ள பாதுகாப்புக்குன்னு சம்பளத்துக்கு உக்காந்திருந்த ஆளு போன்ல வீடியோ பாத்துக்கிட்டு இருந்தாங்க, வண்டியில கம்பெனி வச்ச ஆட்டோ பிரேக்கையும் டெஸ்ட்டுக்காக நிறுத்தி வச்சிருந்தாங்கன்னு விசாரணையில வந்துச்சு. பாக்குறதையே வேலையா வச்சிருக்கிறவருக்கே அப்படின்னா, ஊட்டிக்கு ஜாலியா போற நம்ம எம்மாத்திரம்.

லெவல் 4 நிஜமாவே ஆள் இல்லாம ஓடுது, வேமோ கம்பெனியோட டாக்ஸி 2020 அக்டோபர்ல இருந்து அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ல பொதுமக்களை ஏத்திக்கிட்டு ஓடுது. அது சமதளம், மழை கம்மி, ஒவ்வொரு தெருவையும் முன்னாடியே அளந்து மேப்பு போட்ட ஊரு, அந்த எல்லையைத் தாண்டி அது போகாது. இங்க சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பர்லயும் டிரைவர் இல்லாத காரை இந்தியாவுல விடமாட்டேன், டிரைவருங்க வேலை போயிடும்னு சொன்னார், என் பொழப்புக்கு அது சந்தோஷம்தான். ஆனா அமைச்சர் சொன்னதுக்காக மட்டும் இல்லீங்க, மலைன்னா சும்மா இல்ல. நம்ம மலை ரயிலைப் பாருங்க, ஸ்டியரிங்கே கிடையாது, தண்டவாளத்து நடுவுல பல் சக்கரத்துக்குன்னு தனி ரேக், வழி மாற வாய்ப்பே இல்ல, அதுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்னுக்கிட்டுத்தான் வர்றாரு.

ஷோரூம்ல கேக்க

புது வண்டி பாக்கப் போறவங்க சன்ரூஃபைக் கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. இது விட்டுட்டுப் போகும்போது சத்தம் போடுமா, படம் மட்டும் மாறுமா? எத்தனை கிமீ வேகத்துக்கு மேல லேன் பிடிக்கும்? பிரேக்கைத் தொட்டா ரெண்டும் போகுமா ஒண்ணு மட்டுமா? ஆஃப் பண்ணி வச்சது வண்டியை அணைச்சுப் போட்டா மறுபடி தானா ஆன் ஆயிடுமா? இது ரொம்ப முக்கியம், டீ குடிக்க பர்லியார்ல நிறுத்திட்டுக் கிளம்புனா சில வண்டியில எல்லாம் பழையபடி ஆன் ஆகியிருக்கும். நான் கையை எடுத்துட்டு பதில் சொல்லலேன்னா கடைசியா என்ன பண்ணும், சும்மா அணைஞ்சிடுமா, லேன்லயே நின்னுடுமா? கண்ணாடி மாத்துனா கேலிபரேஷன் சார்ஜ் எவ்ளோ, இன்சூரன்ஸ்ல வருமா?

சேல்ஸ் பையன் பாதிக்கு "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்"னு சொல்லுவான். மேனுவல் புக்கை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. டெஸ்ட் டிரைவ் அவினாசி ரோட்டுல ஒரு ரவுண்டு அடிச்சுக் காட்டுவாங்க, அது பத்தாது, கோயம்புத்தூர்ல வாங்குறதா இருந்தா கல்லார் தாண்டி மொதல் ரெண்டு ஹேர்பின் வரைக்கும் ஏறி இறங்கிட்டு வர்றோம்னு கேளுங்க, பெட்ரோல் நான் போட்டுக்கறேன்னு சொல்லுங்க, சிலர் ஒத்துக்கறாங்க. காலைல ஏழு மணிக்குள்ள போயிடுங்க, அதுக்கப்புறம் டூரிஸ்ட் வண்டி ஏற ஆரம்பிச்சா திருப்ப இடம் கிடைக்காது.